ஆர்ட் ஃபேர்ல ஸ்டால் போடப் போறீங்களா? என் 1,06,800 ரூபா எங்க போச்சுன்னு படிச்சிட்டு போங்க

நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, காலையில அடுப்பு பத்த வெக்குறதுக்கு முன்னாடியே போனை எடுத்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. காலேஜ் ஜூனியர் பொண்ணு ஒருத்தி நேத்து சாயங்காலம் போன் பண்ணி "அக்கா, ஆர்ட் ஃபேர்ல ஸ்டால் போடலாமா, என்னை செலக்ட் பண்ணிருக்காங்க"ன்னு சந்தோஷமா கேட்டா. யாருடின்னு கேட்டா என்னை ஏமாத்தின அதே கும்பல். எனக்கு வந்த அதே மெசேஜ், கமா கூட மாறல. அதான் இந்தப் பதிவு. அவங்க பேர் போட மாட்டேன், கேஸ் போடப் போறேன், அதனால பேரை வெளிய சொல்ல வேணாம்னு வக்கீல் சொல்லிருக்கார். பெரிய ஊர்கள்ல ஹால் வாடகைக்கு எடுத்து மூணு நாள் ஓவியச் சந்தை நடத்துற ஒரு ஈவென்ட் கம்பெனி, அவ்ளோ தெரிஞ்சா போதும். போகலாமா வேணாமா, போனா என்னெல்லாம் பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

முதல்ல நான் ஏன் ஏமாந்தேன்னு சொல்லிடறேன். நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில படிச்சவ, இப்ப வீட்டுலயே பசங்களுக்கு ட்ராயிங் கிளாஸ் எடுக்குறேன், மீதி நேரத்துல கேன்வாஸ். ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூரு சித்ர சந்தேக்கு போனேன். தெரியாதவங்களுக்கு, கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குமாரகிருபா ரோட்டை அடைச்சு நடத்துறது, ஒரே நாள், ரோட்டோரத்துல படத்தை சாய்ச்சு வெச்சு வித்துக்கலாம். கட்டணமெல்லாம் ரொம்ப கம்மி. ஜனங்க திருவிழாவுக்கு வர்ற மாதிரி வந்தாங்க, சின்ன படம் ஒம்போது வித்துச்சு, பஸ்ல திரும்பி வரும்போது மடியில பணத்தை வெச்சிட்டு தூங்காம வந்தேன். அந்த ஒரு நாள்தான் எனக்கு வினை. சந்தைன்னா விக்கும், பெங்களூருன்னா வாங்குவாங்கன்னு மனசுல உக்காந்துடுச்சு.

போன ஆவணியில இன்ஸ்டாகிராம்ல மெசேஜ். "உங்க ஒர்க் எங்க ஜூரிக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஷார்ட்லிஸ்ட் ஆகிருக்கீங்க." நான் அப்ளையே பண்ணல, எப்படி ஷார்ட்லிஸ்ட் ஆவேன்? அந்தக் கேள்வி அன்னைக்கு எனக்கு வரல பாருங்க. மறுநாள் ஒரு பையன் போன்ல பேசினான், நல்ல தமிழ், நல்ல மரியாதை. "மேம், உங்க படித்துறை சீரிஸ்ல தண்ணிக்கு ஒரு நீலம் போட்டிருக்கீங்களே, அது சாதாரண நீலம் இல்ல மேம்"னான்.

இதை நான் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்லணும். அந்த நீலத்தை நான் மூணு மாசம் கலக்கிருக்கேன். காவேரியில தண்ணி வந்த முதல் நாள் கலங்கலுக்கு நடுவுல சாயங்காலம் ஒரு நிறம் வரும், அது டியூப்ல இருந்து வராது. எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனா படத்தைப் பாத்து "நல்லாருக்கு, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வா"ன்னுதான் சொல்லுவார். பத்து வருஷத்துல அந்த நீலத்தைப் பத்தி பேசின முதல் ஆள் அந்த பையன். நான் அங்கேயே விழுந்துட்டேன். அப்புறம் அவன் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு. டெல்லி மும்பை ஆர்ட் கலெக்டர்ஸ் (ஓவியம் வாங்கி சேக்குறவங்க) வராங்க, இன்டீரியர் டிசைனர்ஸ் மொத்தமா எடுப்பாங்க, கமிஷன் கிடையாது, டெல்லியில நடக்குற பெரிய ஃபேர் ரேஞ்சுல பண்றோம், "பெங்களூரு க்ரௌடு உங்களுக்கே தெரியுமே மேம்".

(ஃபேர் நடந்த மூணாவது நாள் பக்கத்து ஸ்டால் அண்ணாகிட்ட பேசினப்பதான் தெரிஞ்சுது, அவர் கரித்துண்டுல மட்டும் வரையறவர், வாழ்க்கையில கலர் தொட்டதில்ல, அவர்கிட்டயும் இதே பையன் "உங்க கலர் சென்ஸ் வேற லெவல் சார்"னு சொல்லிருக்கான். சிரிக்கிறதா அழுறதா?)

ஸ்டால் மூணுக்கு மூணு மீட்டர், 60,000. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 10,800. மொத்தம் 70,800. சீட்டு கட்டிட்டு இருந்தேன், இன்னும் எட்டு மாசம் பொறுத்திருந்தா முழுசா வந்திருக்கும், அதை தள்ளி எடுத்து கட்டினேன். "ரெண்டு ஸ்டால்தான் பாக்கி, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டுடுங்க மேம்"னு சொன்னான், நாலே முக்காலுக்கு போட்டேன். போட்ட உடனே ஒரு பூங்கொத்து ஸ்டிக்கர் அனுப்பினான், ரசீதுக்கு பதில் ஸ்டிக்கர்.

மீதி கணக்கையும் கேளுங்க. பதிமூணு படத்துக்கு ஃப்ரேம் 14,000. மரப்பெட்டி அடிச்சு பார்சல் போக வர 9,500. ரூம் 6,400. சாப்பாடு ஆட்டோ 2,500. அங்க போனப்புறம் சொல்றாங்க, ஸ்டால் வாடகையில லைட் வராது, டேபிள் சேர் வராது, அதுக்கு தனியா 3,600. லைட் இல்லாம படத்தை எப்படிய்யா பாப்பாங்கன்னு கேட்டதுக்கு "மேம், பேசிக் பேக்கேஜ் எடுத்திருக்கீங்க". கூட்டிப் பாருங்க, 1,06,800. ஒரு லட்சத்து ஆறாயிரத்து எண்ணூறு ரூபா. எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு மாசம் 600 வாங்கி கிளாஸ் எடுக்குறேன், எத்தனை பிள்ளை எத்தனை மாசம்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

என் ஸ்டால் எங்க இருந்துச்சு தெரியுமா, பிளான்ல காட்டினது நுழைவாசல்கிட்ட, கொடுத்தது ஹாலோட கடைசியில தூணுக்குப் பின்னாடி, எதிர்ல மாடுலர் கிச்சன் விக்குறவன் ஒருத்தன். ஆமா, ஓவியச் சந்தையில மாடுலர் கிச்சன், அதுக்கு அந்தப்பக்கம் வீட்டுமனை விக்குறவங்க. கலெக்டர்ஸ் ப்ரிவ்யூன்னு சொன்ன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க, சமோசா சாப்ட்டுட்டு கிளம்பிட்டாங்க. சனிக்கிழமை ஒரு காலேஜ் பஸ் வந்துச்சு, பசங்களுக்கு அசைன்மென்ட்டாம், என் படத்து முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு போனாங்க. கும்பகோணம்னு போர்டுல பாத்துட்டு "தங்கம் ஒட்டின தஞ்சாவூர் படம் இல்லையா"ன்னு கேட்டவங்க மட்டும் இருபது பேர் இருப்பாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா உக்காந்திருக்கும்போது ஸ்டாலை எண்ணினேன். எண்பது. எண்பதை அறுபதாயிரத்தால பெருக்கினா நாப்பத்தெட்டு லட்சம். நாங்க பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வியாபாரம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு படம் வித்தா என்ன, விக்கலன்னா என்ன? வாங்குறவன் வரணும்னு அவனுக்கு என்ன அவசரம்? அந்த ஃபேர்ல விக்க வந்தது நாங்க இல்லங்க, வாங்க வந்ததே நாங்கதான், ஸ்டாலை. இது எனக்கு மூணாவது நாள் புரிஞ்சுது, ஆவணியிலயே புரிஞ்சிருக்கணும்.

டெல்லி ஃபேர் மாதிரின்னு சொன்னானே, அதையும் வந்தப்புறம்தான் விசாரிச்சேன். 2008ல ஆரம்பிச்ச இந்தியா ஆர்ட் ஃபேர் அது, அங்க முக்கியமா ஸ்டால் எடுக்குறது கேலரிங்க, உன்னை என்னை மாதிரி தனி ஆளுங்க இல்ல. கேலரி காசு போடும், கேலரியே தனக்குத் தெரிஞ்ச வாங்குறவங்களை கூப்பிட்டு வரும், வித்தா பாதி வரைக்கும் கூட கமிஷன் எடுக்கும், ஆனா விக்கலன்னா நஷ்டம் கேலரிக்கு. இங்க நஷ்டம் முழுக்க நமக்கு.

சரி, ஒண்ணுமே விக்கலன்னா கூட தலையெழுத்துன்னு விட்டிருப்பேன். வித்துச்சு! அதான் வயிறு எரியுது. கடைசி நாள் ஒரு பெரியவர் வந்தார், வேட்டி சட்டை, அரை மணி நேரம் நின்னு பாத்தார், ஒண்ணும் பேசல, ரெண்டுக்கு மூணு அடி படித்துறை படத்தைக் காட்டி "இது" அப்படின்னார். 22,000. பேரம் பேசல. ஃபேர் ரூல்படி படம் வித்த பணமெல்லாம் அவங்க கவுன்டர்லதான் கட்டணும், நம்ம ஜிபேல வாங்கக் கூடாது. பெரியவர் கவுன்டர்ல கட்டினார், எனக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தாங்க, "பதினஞ்சு நாள்ல அக்கவுண்ட்ல வந்துரும் மேம்". நான் கையோட வாங்கிட்டு வந்தது அஞ்சலட்டை ப்ரிண்ட் ஆறு வித்த 300 ரூபாயும், பேரைத் தப்பா அடிச்ச ஒரு சர்டிபிகேட்டும்.

பதினஞ்சு நாள் ஆச்சு. போன் பண்ணினா "சார் மீட்டிங்ல இருக்கார்". இருபத்தஞ்சாவது நாள் "அக்கவுண்ட்ஸ் டீம் பாத்துட்டு இருக்காங்க". அப்புறம் "பேங்க் லீவு மேம்", அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, ஒரு லீவும் இல்ல. நீலத்தைப் பத்தி பேசின பையன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான், எங்க வீட்டுக்காரர் போன்ல இருந்து கூப்பிட்டேன், எடுத்தான், என் குரலைக் கேட்டதும் "மேம் சிக்னல் இல்ல"ன்னு வெச்சுட்டான். வாட்ஸ்அப் குரூப்ல நாலு பேர் இதே மாதிரி கேக்க ஆரம்பிச்சோம், உடனே அட்மின் மட்டும்தான் போஸ்ட் பண்ணலாம்னு மாத்திட்டாங்க. மெயில் போட்டா பதில், ஒப்பந்தம் ஒன்பதாவது பக்கம் பாருங்க, 20 சதவீதம் சர்வீஸ் கட்டணம் உண்டு, 45 வேலை நாள். கமிஷன் இல்லைன்னு சொன்னீங்களேன்னா "அது கமிஷன் இல்ல மேம், சர்வீஸ் கட்டணம்". 45 வேலை நாளும் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு.

நேத்து ஒருவழியா மேனேஜர்னு ஒருத்தர் லைன்ல வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "ஆர்ட்டிஸ்ட்டுக்கு பொறுமை வேணும் மேம், எக்ஸ்போஷர் கிடைச்சுதுல்ல? அடுத்த எடிஷனுக்கு உங்களுக்கு 10 பர்சன்ட் டிஸ்கவுண்ட் தர்றோம்." நுகர்வோர் கோர்ட்டுக்கு போவேன்னேன். "நீங்க வியாபாரம் பண்ண வந்தவங்க, நுகர்வோர் இல்ல"ன்னு சட்டம் பேசினார். அது பொய். வக்கீல்கிட்ட கேட்டுட்டேன், சுயதொழில் பண்ணி வயித்தைக் கழுவுறவங்க அந்தத் தொழிலுக்காக எடுத்த சேவைக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல இடம் இருக்கு, கேஸை பெங்களூர்ல போய் போடணும்னு இல்ல, நாம இருக்குற மாவட்டத்துலயே போடலாம், கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் கிடையாது. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணிட்டேன்.

இன்னொண்ணு. ஜிஎஸ்டின்னு 10,800 வாங்கினாங்களே, அவங்க அனுப்பின பில்லுல இருந்த நம்பரை ஜிஎஸ்டி சைட்ல போட்டுப் பாத்தேன். யாரு வேணா பாக்கலாம், லாகின் கூட வேணாம். "கேன்சல்டு"ன்னு வருது. ரத்தான நம்பர்ல வரி வசூல் பண்ணிருக்காங்க. அந்த 10,800 யார் பாக்கெட்டுக்கு போச்சு?

சென்னை இஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்னு ஓவியர்களே சேர்ந்து உண்டாக்கின கிராமம் இருக்குல்ல, 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் மாஸ்டரும் அவர் மாணவர்களும் ஆரம்பிச்சது, அவங்க பாட்டிக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுலதான் அந்த நிலத்தை வாங்கினாங்க. காலேஜ்ல வாத்தியார் அதை எத்தனை தடவை சொல்லிருப்பார், நான் பின்பெஞ்சுல உக்காந்து ஸ்கெட்ச் போட்டுட்டு இருந்தேன். அந்த 1,06,800ஐ வெச்சு நாலு பேர் சேர்ந்து சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்திருக்கலாம், வித்த காசு நேரா நம்ம கையில.

டிப்ஸ் எழுதுறேன்னு சொன்னேன்ல. எழுத மனசில்ல, கை நடுங்குது, குழந்தைக்கு ஸ்கூல் வேன் வேற வந்துரும். சுருக்கமா சொல்லிடறேன். அப்ளை பண்ணாம செலக்ட் ஆனீங்கன்னா அது செலக்‌ஷன் இல்ல. போன வருஷம் அதே ஃபேர்ல ஸ்டால் போட்டவங்க மூணு பேரை நீங்களே தேடிக் கண்டுபிடிச்சு பேசுங்க, அவங்க கொடுக்குற நம்பர்ல இல்ல. ஜிஎஸ்டி நம்பரைப் பாத்துட்டு அப்புறம் காசு போடுங்க. பணம் அவங்க கவுன்டர்ல கட்டணும்னா போகாதீங்க, அவ்ளோதான். சித்ர சந்தே மாதிரி இடத்துக்கு தாராளமா போங்க, அங்க போனா பஸ் சார்ஜும் ஒரு நாளும்தான் போகும்.

அந்த ஜூனியர் பொண்ணு இன்னும் கட்டல, "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள"ன்னு அவளுக்கும் சொல்லிருக்காங்களாம். நான் வர்ற திங்கக்கிழமை தஞ்சாவூர் போறேன் கேஸ் போட. 1,06,800 கூட அந்த 22,000, மொத்தம் 1,28,800 கேக்கப் போறேன். இதே மாதிரி துண்டுச்சீட்டு வெச்சிட்டு சுத்திட்டு இருக்கவங்க யாராவது இருந்தா அதோட போட்டோவும், காசு போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் இன்பாக்ஸ்ல ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. பேசின பையன் நீலத்தைப் பத்தி சொன்னானா கலர் சென்ஸைப் பத்தி சொன்னானான்னும் எழுதுங்க.