ஸ்மார்ட் துப்பாக்கியா, பூட்டுப்பெட்டியில் சாதா பிஸ்டலா?

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இரண்டு வழி. பயோஃபயர் போன்ற ஸ்மார்ட் துப்பாக்கி, கைரேகையோ முகமோ பொருந்தினால்தான் சுடும். சாதா பிஸ்டலைப் பெட்டியில் பூட்டலாம். வெளியே எடுத்துவிட்டால் யார் விசையை இழுத்தாலும் வெடிக்கும்.

அப்புறம் ஸ்மார்ட் துப்பாக்கி வாங்க ஏன் தயக்கம்? நள்ளிரவில், ஈரக்கையோடு எடுக்கும்போது சென்சார் மக்கர் பண்ணினால்? ஆர்மாடிக்ஸ் ஐபி1 என்ற ஸ்மார்ட் துப்பாக்கி, அதற்குரிய கைக்கடிகாரம் அருகில் இருந்தால்தான் சுடும் என்றார்கள். 2017-இல் ஒரு ஹேக்கர் மலிவான காந்தங்களை வைத்தே சுட்டுக் காட்டிவிட்டார். போதாக்குறைக்கு, ஸ்மார்ட் துப்பாக்கி சந்தைக்கு வந்தபின் கடைகளில் மற்ற கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று 2002-இல் நியூ ஜெர்சி மாநிலம் சட்டம் போட்டது. 2019-இல் தளர்த்தினார்கள், சாதாத் துப்பாக்கியைத் தடுத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

என்னைக் கேட்டால், பெட்டியை மறக்காமல் பூட்டுகிறவருக்குச் சாதா பிஸ்டல் போதும். மறதிக்காரர் வீட்டுக்கு ஸ்மார்ட்தான்.