ஜூன் பனியில் தனியாக: ஹெலன்ஸா, மியூரா, ஆடம்ஸா?

ஜூன் பிறந்துவிட்டால் போர்ட்லாந்தில் எல்லோரும் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் மட்டும் கார் ஷெட்டில் ஸ்கீக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பேன். குளிர்காலம் முழுக்கக் கூட வந்த நண்பர்கள் அதற்குள் பூட்ஸைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். அதனால் கோடை ஸ்கீ என்றாலே எனக்குப் பெரும்பாலும் தனிப் பயணம்தான். "தனியாகப் போவதென்றால் முதலில் எந்த மலை?" என்று யாராவது கேட்டால் போனில் அரை மணி நேரம் போய்விடுகிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

எடுத்துக்கொண்டது வாஷிங்டன் மாநிலத்து எரிமலைகள் மூன்று: செயின்ட் ஹெலன்ஸ், ரெய்னியர், ஆடம்ஸ். ரெய்னியரில் உச்சி கிடையாது, பாதி வழியில் இருக்கும் கேம்ப் மியூர் வரைதான். அதற்கு மேலேயும் பனியாறுகளிலும் தனி ஆளாகப் போக வேண்டுமானால் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் பனிப்பிளவுகளுக்கு மேல் நடக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

கோடையில் அங்கே பனி ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரெய்னியரின் பாரடைஸ் பகுதியில் 1971-72 குளிர்காலத்தில் மட்டும் விழுந்த பனி 28.5 மீட்டர். எல்லா வருடமும் அப்படி இல்லை. ஆனாலும் பசிபிக் ஈரக்காற்று இந்த மலைகள்மேல் கொட்டிவிட்டுப் போவது அவ்வளவு சீக்கிரம் கரையாது. இரவில் உறைந்து, காலை வெயிலில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி நிற்கும் பனிக்குக் கார்ன் என்று பெயர். எனக்கு வறுத்த ரவைதான் ஞாபகம் வரும். ரவை உப்புமாவாக ஆவதற்குள் இறங்கிவிட வேண்டும். கோடை ஸ்கீயின் நேரக்கணக்கு முழுக்க அவ்வளவுதான்.

இனி ஒப்பீடு. உயரம், அழகு, கார் ஓட்டும் தூரம் இதையெல்லாம் நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது வடிவத்தை. எரிமலை என்பது கவிழ்த்து வைத்த புனல். சாதாரண மலைத்தொடரில் கண் தெரியாமல் இறங்கினாலும் ஓடை, பாதை எல்லாம் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் வந்து கூடும். புனலில் எல்லாமே கீழே போகப் போக விலகும். உச்சியில் 20 பாகை தவறினால், ஆறு கிலோமீட்டர் இறங்கிய பிறகு உங்களுக்கும் காருக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் காடு. கூட ஒருவர் இருந்தால் "ஏய், அந்தப் பக்கம் இல்லை" என்று கத்துவார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் குரல் கிடையாது. எனவே ஒவ்வொரு மலையிடமும் நான் கேட்பது: சரிவு இழுத்த இழுப்புக்குப் போனால் என்னை எங்கே கொண்டுபோய் விடுவாய்?

செயின்ட் ஹெலன்ஸ் இதற்கு ஓரளவு நல்ல பதில் சொல்கிறது. 1980 மே 18 வெடிப்பில் இந்த மலை சுமார் 400 மீட்டர் உயரத்தை இழந்தது. இப்போது ஏறக்குறைய 2,550 மீட்டர்தான். தெற்குச் சரிவில் பனிப்பிளவுக் கவலை அநேகமாக இல்லை. வானம் தெளிந்திருந்தால் இறங்கும்போது எதிரே ஸ்விஃப்ட் நீர்த்தேக்கம் தெரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்தே வரலாம். குளிர்காலப் பாதையான வோர்ம் ஃப்ளோஸ் வழியாகப் போனால் 1,700 மீட்டர் ஏற்றம். பனி கரைந்து மேல் சாலை திறந்த பிறகு மானிட்டர் ரிட்ஜ் வழியாக 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

சிக்கல் எல்லாம் கடைசி ஐந்து மீட்டரில். நீங்கள் ஏறிச் சேருவது ஓர் உடைந்த கிண்ணத்தின் விளிம்பு. அந்தப் பக்கம் ஏறக்குறைய 600 மீட்டர் பள்ளம். விளிம்புக்கு வெளியே காற்று கட்டிவைத்த பனி, தாழ்வாரம் மாதிரி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கார்னிஸ் என்பார்கள். மேலே நின்று பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். பள்ளத்தை எட்டிப் பார்க்கப் போய் அது உடைந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. பாறை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்பது பக்கவாட்டில் தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும். தனியாகப் போனவருக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. நான் விளிம்புக்கு இருபதடி முன்னாலேயே நின்று ஸ்கின்னை, அதாவது ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை, கழற்றிவிடுவேன். கிண்ணத்துக்குள் எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அனுமதிச்சீட்டு. மே 15இலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒரு நாளைக்கு 110 பேருக்குத்தான். சனி ஞாயிறு சீட்டெல்லாம் தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரி பறந்துவிடும். ஒற்றை ஆள் என்பதால் வார நாளில் ஒரு சீட்டு அநேகமாகக் கிடைக்கும். மே மாதம் அன்னையர் தினத்தன்று கவுன் போட்டுக்கொண்டு ஏறும் வழக்கம் ஒன்றும் இந்த மலைக்கு உண்டு. தாடிக்காரர் ஒருவர் பூப்போட்ட கவுன் படபடக்க என்னைத் தாண்டி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். என்னைவிட நன்றாகவே ஸ்கீ ஓட்டினார்.

மியூர் பனிவெளியை எல்லோரும் சுலபம் என்பார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை: 1,650 மீட்டரில் கார் நிறுத்தம், அங்கிருந்து 3,100 மீட்டர் வரை மென்மையான சரிவு, மேலே கல் குடில், கோடையில் ரேஞ்சர்கள். மியூர் வரை ஒரு நாளில் போய் வர மலையேற்ற அனுமதி தேவையில்லை, பூங்கா நுழைவுக் கட்டணம் போதும். பெப்பிள் க்ரீக் ஓடையைத் தாண்டியதும் கடைசி 900 மீட்டர் ஏற்றம் அடையாளம் எதுவும் இல்லாத வெள்ளைச் சாய்தளம். மேகம் இறங்கிவிட்டால் அங்கே மேல், கீழ், பக்கம் எதுவும் கிடையாது. இறங்கும்போது வலப்புறம் நிஸ்குவாலி பனியாறு, இடப்புறம் பாரடைஸ் பனியாறு. இரண்டுக்கும் நடுவிலான முதுகில்தான் நாம் போக வேண்டும். இந்த இறக்கத்துக்கான திசைகாட்டிக் கோணங்களைப் பூங்காவே எழுதித் தருகிறது. வழி தவறுவது அங்கே எவ்வளவு சகஜம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அந்தக் கோணங்களை அச்சிட்டு, மடித்து, காரிலேயே விட்டுவிட்டுப் போன புத்திசாலி நான். ஒரு ஜூன் கடைசி. மியூரில் எலுமிச்சை சாதம் சாப்பிட உட்கார்ந்தபோது நீல வானம், எழுந்தபோது தெற்கே ஒரு மேகம், ஆன்வில் ராக் பாறையை நெருங்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஸ்கீயின் முனை தெரியவில்லை என்பது அலங்காரத்துக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். கணுக்காலில் குளிர்க்காற்று பட்ட பிறகுதான் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. குமட்டியது. ஒரு பனி உருண்டை பிடித்து முன்னால் எறிந்தேன். அது உருண்டு போன தடத்தை வைத்துத்தான் சரிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தேன். போனில் வரைபடத்தைத் திறந்தால், ஏறி வந்த கோட்டிலிருந்து 300 மீட்டர் இடப்புறம் விலகியிருக்கிறேன். ஐந்து நிமிட இறக்கத்துக்கு 300 மீட்டர். நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறித் திரும்பவும் கோட்டைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

ஆடம்ஸ் 3,740 மீட்டர் உயரம், மூன்றிலும் அதிக உழைப்பைக் கேட்பது. பாதை தொடங்கும் கோல்ட் ஸ்பிரிங்ஸிலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும். ஜூன் பாதிவரை அந்தக் கரடுமுரடான சாலையில் பனி கிடக்கும், அதனால் கார் நின்ற இடத்திலிருந்து ஸ்கீயைத் தோளில் சுமந்து கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை 7,000 அடிக்கு மேலே போகச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை, கடைசி நேரத்தில் வானிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். தனிப் பயணிக்கு இது பெரிய சௌகரியம். ஹெலன்ஸ் சீட்டு கையில் இருக்கிறதே என்பதற்காக மோசமான வானிலையில் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

யாகமா மக்கள் பாட்டோ என்று அழைக்கும் இந்த மலையின் கிழக்குப் பகுதி அவர்களுடைய நிலம், 1972இல் திரும்ப அவர்களுக்கு வந்தது. ஸ்கீக்காரர்கள் போவது தெற்குப் பக்கம். 1930களில் உச்சியில் கந்தகம் தோண்ட இந்தப் பக்கமாகத்தான் கோவேறு கழுதைகள்மேல் சாமான் ஏற்றிப் போனார்கள். கழுதை ஏறிய சரிவு என்பதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேண்டுமா?

தெற்கு முதுகு வழியில், ஜூலை முதல் சனிக்கிழமை, லஞ்ச் கவுன்டர் என்ற மேடையில் நின்று பாருங்கள். திருவிழாக் கூட்டம். தனியாக வந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். கால் பிசகினால் பார்க்க நூறு கண் இருக்கிறது. அதே கூட்டம் பொய் உச்சியான பைக்கர்ஸ் பீக்கிலிருந்து உட்கார்ந்து சறுக்கி, சரிவெங்கும் இடுப்பளவு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கும். வேகமாக வந்து அதில் ஸ்கீ மாட்டினால் முழங்கால் போச்சு.

அதனால் கை தேர்ந்தவர்கள் பக்கத்திலிருக்கும் சௌத்வெஸ்ட் சூட்ஸ் என்ற செங்குத்தான சரிவின் பக்கம் திரும்புவார்கள். ஏறக்குறைய 1,200 மீட்டர், 35 பாகை, ஒரே மூச்சில். தென்மேற்கு பார்த்த சரிவு என்பதால் தெற்குப் பக்கத்தைவிடத் தாமதமாக இளகும். மெதுவாக ஏறுபவருக்கும் ரவை மிச்சம் இருக்கும். போன வருடம் நான் மேலே நின்று குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினொரு மணிக்கு டொக் டொக். பதினொன்றரைக்கும் டொக். பன்னிரண்டு தாண்டி ஒரு தட்டில் சத்தம் மாறிச் "சொத்" என்றது. முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது, காத்திருந்தது வீண் இல்லை. பாதி வழியில் தொடை எரிந்து நின்று திரும்பிப் பார்த்தால், அவ்வளவு பெரிய சரிவில் என் ஒரு கோடு மட்டும்தான். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பகீரென்றும் இருந்தது. அங்கே விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் கேட்ட கேள்விக்கு இந்தச் சூட்ஸ் தரும் பதில் படுமோசம். சரிவு உங்களைக் காரிடம் விடாது, மேற்கே தள்ளிக் காட்டில் கொண்டுபோய் விடும். மரங்கள் தொடங்கும் கோடு வருவதற்குள் இடப்புறம் வெட்டி, மலையைச் சுற்றிப் போகும் நடைபாதையைப் பிடித்தாக வேண்டும். "இன்னும் நாலு திருப்பம்" என்று ஆசைப்பட்டுக் கீழே போனால் 2012 தீயில் கருகிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடக்கும் இடத்தில் ஸ்கீயைச் சுமந்துகொண்டு தாண்டித் தாண்டி வர வேண்டும். ஜூலையில் கொசு வேறு.

ஆரிகன் பக்கத்து எரிமலையான ஹூட்டை ஏன் சேர்க்கவில்லை என்பார்கள். என் வீட்டுக்கு அதுதான் பக்கம், ஸ்கீக்காரர்களை மேலே தூக்கிப் போகும் பால்மர் லிஃப்ட் கோடையிலும் ஓடும், லிஃப்டை ஒட்டி ஏறி இறங்கினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் உச்சிப் பள்ளத்திலிருந்து சரிவு இழுத்த பக்கம் வந்தால் டிம்பர்லைன் விடுதிக்கு வர மாட்டீர்கள், மேற்கே ஜிக்ஜாக் பள்ளத்தாக்கின் பக்கம் போய்விடுவீர்கள். ஜூன் வெயிலில் மேலிருந்து கல்லும் பனிக்கட்டியும் உதிரும். தனி ஆளுக்கு வேண்டாம்.

சாமான் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கோடையில் ஸ்கின்னின் பசையில் ஊசியிலையும் எரிமலைச் சாம்பலும் ஒட்டிக்கொண்டு பாதி ஏற்றத்தில் அது கழன்றுவிடும். குளிர்காலத்தில் நண்பரிடம் கடன் கேட்கலாம். இங்கே யாரிடம் கேட்பது? கழன்ற ஸ்கின்னைக் கட்டிக்கொள்ள இரண்டு ரப்பர் பட்டை பையில் இருக்கட்டும். ஹெலன்ஸுக்கானால் சாம்பல் இன்னும் அதிகம், பழைய ஸ்கீயை எடுத்துப் போங்கள்.

ஆக, முதல் தனிப் பயணம் என்றால் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஹெலன்ஸ், விளிம்பைத் தொடாமல். ஜூலையில் ஆடம்ஸ், முதல் தடவை தெற்கு முதுகு வழியாக மட்டும். சூட்ஸுக்கு நான் மூன்றாவது வருடம்தான் போனேன். செப்டம்பரில் பனி வேண்டுமென்றால் மூன்றில் மிச்சம் இருப்பது மியூர்தான். அப்போது அது அழுக்கேறி, வெயில் தோண்டிய குழிகளோடு, வேகத்தடை வரிசைமேல் ஸ்கீ ஓட்டுவது போலப் பல்லை ஆட்டும். ஆனாலும் மாதம் தவறாமல் ஸ்கீ போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் எங்களைப் போன்ற பைத்தியங்கள் அங்கேதான் கூடுவோம். கோணங்கள் எழுதிய தாள் இப்போது என் ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு.