வெள்ளவத்தை – யாழ்ப்பாணம் வாடகை வான்: 70ஐத் தாண்டாத சாரதி

யாழ்ப்பாணம் போக வான் பிடிக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடுவீங்கள்?" என்றுதான். எனக்கு முக்கியம் வேறு: மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் சாரதி என்ன வேகத்தில் ஓடுகிறார்?

அந்தத் துண்டைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். போருக்குப் பிறகு காபெட் போட்டுத் திருத்திய யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி, நேராக நீண்டு கிடக்கும். சட்டப்படி ஊர்மனைக்கு வெளியே வானுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான், ஆனால் வீதியைப் பார்த்தால் 100இல் போகலாம் போலத்தான் இருக்கும். பக்கத்தில் ஓடி மறைகிற மரம், மதில், வேலியை வைத்துத்தான் நாங்கள் வேகத்தை உணர்கிறோம், அதெல்லாம் தள்ளித் தள்ளிப் போய் வீதியும் அகலமானால் 90இல் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. நெதர்லாந்தில் பல கிராமப்புற வீதிகளில் நடுக்கோடே கிடையாது, இரண்டு ஓரமும் விட்டுவிட்டுப் போட்ட கோடு மட்டும். வீதி ஒடுங்கித் தெரிவதால் எதிரே வாகனம் வந்தால் தானாகவே கால் தளரும். எங்கள் ஆட்கள் வேக எல்லைப் பலகையை நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த வானை ஓட்டி வந்த அண்ணை கட்டுநாயக்க அதிவேகப் பாதையால் இறங்கியதுமே மீட்டரைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவு நேரம் வேகமாக ஓடிய கண்ணுக்கு 50 என்பது ஊர்கிற மாதிரித்தான் தெரியும். ஏன் என்று கேட்டேன். "றோட்டை நம்பக்கூடாது தம்பி, மீட்டரைத்தான் நம்போணும்" என்றார். வன்னியில் பொழுது படுகிற நேரம் ஒரு மாட்டுக் கூட்டம் வீதிக்கு ஏறியது. சீற்றில் இருந்த ஒருவரும் முன்னுக்குச் சரியாமல் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். 70இல் இருந்து 100க்குப் போனால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்கு, அப்படி வந்திருந்தால் மாட்டுக்கும் எங்களுக்கும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சராசரி வேகம் 1% கூடினாலே உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து 4% கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முன்பு வேறொரு வானில் இதே வீதியால் போனபோது அம்மா முறிகண்டி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இந்த முறை கச்சான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

குறை இல்லாமல் இல்லை. பின் சீற்றுக்கு ஏசி எட்டாது, எல்லாச் சீற்றும் நிறைந்தால் பெட்டிகளை மடியில்தான் வைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா நேரம் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இந்த அண்ணையைத்தான் அனுப்ப வேண்டும் என்றும் கேளுங்கள்.