குடியை விட ஒரு கூட்டம்: பக்கத்து ஊரா, ஆஸ்பத்திரியா, ஜூமா?

குடியை விடுவது என்று முடிவெடுத்தவருக்குத் தமிழ்நாட்டில் மூன்று வகைக் கூட்டங்கள் இருக்கின்றன: ஊருக்குள் நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழு, சிகிச்சை மையத்தின் தொடர் கூட்டம், ஜூம் கூட்டம். எதற்குப் போனாலும் ஒன்றுதான் என்பார்கள். அப்படி இல்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நிற்காது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அவர் முதலில் போகவேண்டியது டாக்டரிடம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவே போதும்.

அங்கிருந்துதான் இரண்டாவது வகை தொடங்குகிறது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் மருந்து, கவுன்சலிங், குடும்பத்தாருக்கான வகுப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஆரம்பத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகித் தென்காசிக்கோ தர்மபுரிக்கோ திரும்பியவர் வாராவாரம் சென்னைக்கு வரமுடியாது. பலர் மறுபடி சறுக்குவது ஊர் திரும்பிய பிறகுதான்.

அந்த இடத்தில் தாங்கிப்பிடிப்பது உள்ளூர் ஏஏ குழு. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிற மாலை வேளையில்தான் பெரும்பாலான கூட்டங்களும் நடக்கின்றன. பள்ளி வகுப்பறையோ சர்ச் ஹாலோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். கட்டணம் கிடையாது, குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. பை சுற்றி வரும்போது முடிந்ததைப் போடலாம். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கியதன் சாரம் இன்றும் இதுவே. 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020-இல் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் ஏஏ வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல நேரம் மேல் என்றது.

குறை இரண்டு. ஒன்று, சின்ன ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். இது நியாயமான பயம். பக்கத்து ஊர்க் குழுவில் தொடங்கி, தைரியம் வந்தபின் சொந்த ஊருக்கு மாறுங்கள் என்பேன். இரண்டு, குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் அடிக்கடி வரும் கடவுள். "அவரவர் புரிந்துகொண்ட கடவுள்" என்றுதான் அதில் இருக்கிறது. அதுவும் ஒட்டவில்லை என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற மீட்புக் குழு அமைப்பு மதம் சாராதது. ஆன்லைனில் ஆங்கிலக் கூட்டங்கள் உண்டு.

ஜூமை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். கேமராவை அணைத்துவிட்டால் கை நடுங்குவது யாருக்கும் தெரியாது, வாசனையும் தெரியாது. ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கும், ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாக நுழையத் தயங்கும் பெண்ணுக்கும் இதுதான் முதல் வாசல். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் ஆன்லைனில் நடக்கின்றன.

பழைய முகவரியை நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்கள் இடம் மாறும். மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண் 14446-இல் விசாரிக்கலாம், மனநல டாக்டரிடமும் கேட்கலாம். குழுவின் எண் கிடைத்ததும் இன்று கூட்டம் உண்டா, தமிழில் பேசுவார்களா, ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்பன் என்றால் மனைவியோ அண்ணனோ கூடவே வந்து உட்காரலாம்.

குடிப்பவர் வரவே மறுத்தால், குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. அதற்குப் போக அவருடைய சம்மதம் தேவையில்லை.