பாலியெஸ்டரைப் படிகமாக்க வெப்பமா, கரைப்பானா?

தண்ணீர்க் குப்பிகள் செய்யப் பயன்படும் பெட் (PET) பாலியெஸ்டரை உருக்கிச் சட்டெனக் குளிர்வித்தால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமின்றி உறைந்து, கண்ணாடிபோல் தெளிந்த தகடு கிடைக்கிறது. அதைப் படிகமாக்கச் சூடேற்றலாம், அல்லது பொருத்தமான கரிமக் கரைப்பானில் நனைக்கலாம். இரண்டிலும் தகடு வெளுத்துவிடுவதால் ஒரே மாற்றம்தான் நடந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பெட்டின் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குக் கீழே சங்கிலிகள் நகர்வதில்லை. 250 டிகிரியைத் தாண்டினால் படிகங்களே உருகத் தொடங்கும். இடைப்பட்ட வெளியில், குறிப்பாக 170 முதல் 190 டிகிரியை ஒட்டி, படிகமாதல் மிக வேகமாக நடக்கிறது. வெப்பம் தகட்டின் உட்பகுதி வரை எட்டிவிடுவதால், தடிமனான பொருளும் ஏறக்குறைய சீராகவே மாறுகிறது.

கரைப்பான் வேறு விதமாக வேலை செய்கிறது. அசிட்டோன் போன்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவற்றின் பரஸ்பர ஈர்ப்பைத் தளர்த்தி, கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலையையே அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கிவிடுகின்றன. அசைய இடம் கிடைத்த சங்கிலிகள் தாமாகவே ஒழுங்குபடுகின்றன. கரைப்பான் கட்டை அவிழ்க்கிறதே தவிர, படிகத்தில் பங்கு கொள்வதில்லை.

இந்த வழியின் பெரிய வரம்பு ஆழம். படிகமாதல் விரைவாக நடந்தாலும் கரைப்பான் உள்ளே ஊடுருவுவது மெதுவானது என்பதால், ஊடுருவலே வேகத்தைத் தீர்மானிக்கிறது; வெளுத்த அடுக்கு பெரும்பாலும் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்வதால், இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பாதியில் எடுத்து வெட்டிப் பார்த்தால், வெளுத்த தோலுக்கும் தெளிந்த உள்பகுதிக்கும் இடையே கூர்மையான எல்லைக்கோடு தெரியும். இன்னொரு குறை, படிகங்கள் இறுகிய பிறகு கரைப்பான் ஆவியாகும்போது, அது விட்டுச்சென்ற இடம் முழுவதும் மூடிக்கொள்ளாமல், ஒளியைச் சிதறடிக்கும் நுண்வெற்றிடங்கள் தங்கிவிடுவது. ஆகவே கரைப்பான் தந்த வெண்மையைப் படிகத்தின் வெண்மை என்று மட்டும் கணக்கிடுவது தவறு.

எந்தக் கரைப்பான் என்பதற்குக் கரைதிறன் அளவுரு ஓரளவு வழிகாட்டும்; ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன என்பதைக் காட்டும் எண் அது, எண்கள் நெருங்கியிருந்தால் பொருள்கள் எளிதில் கலக்கும். மெகாபாஸ்கலின் வர்க்கமூல அலகில் அசிட்டோனும் டைகுளோரோமீத்தேனும் சுமார் 20 இல் அருகருகே நிற்கின்றன. இரண்டுமே பெட்டை நன்கு தாக்குகின்றன. டைமெத்தில் ஃபார்மமைடு 25 ஐ ஒட்டி இருந்தும் தாக்குகிறது, ஏனெனில் சங்கிலியின் அரோமாட்டிக் (பென்சீன் வளையமுள்ள) பகுதியும் அலிபாட்டிக் (வளையமில்லாத) பகுதியும் தனித்தனி ஈர்ப்புத் தன்மை கொண்டவை; ஒன்றுக்குப் பொருந்தாத திரவம் மற்றொன்றுக்குப் பொருந்தலாம். 15 இல் நிற்கும் ஹெக்ஸேன் எதுவும் செய்வதில்லை. ஆனால் ஒரே எண் கொண்ட இரு திரவங்களில் பருமன் குறைந்த மூலக்கூறே வேகமாக நுழையும் என்பதால், எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. கையாளும் எளிமையைப் பார்த்தால் நான் அசிட்டோனையே தேர்வேன்: அது 56 டிகிரியில் கொதித்து வெளியேறிவிடும், 153 டிகிரியில் கொதிக்கும் டைமெத்தில் ஃபார்மமைடோ எளிதில் வெளியேறாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பது மட்டும் நினைவிலிருக்க வேண்டும்.

பெட் குப்பி ஒன்றை அசிட்டோனில் அமிழ்த்தினால், இழுபடாத கழுத்துப் பகுதி வெளுக்கும். ஊதும்போது இழுபட்டு ஏற்கெனவே ஒழுங்குபட்ட பக்கச்சுவர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

பெட்டைப் பொறுத்தவரை, தடிமனான பொருளுக்கு வெப்பமே மேல். கார்பானிக் அமிலத்தின் பாலியெஸ்டரான பாலிகார்பனேட்டில் நிலைமை தலைகீழ்: அதன் விறைப்பான சங்கிலிகள் வெப்பத்தில் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில்கூட அசைந்துகொடுப்பதில்லை, அசிட்டோனிலோ சில நிமிடங்களிலேயே வெளுக்கத் தொடங்கிவிடுகின்றன. அங்கே கரைப்பானைத் தவிர்த்துவிட்டு வெப்பத்தை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை.