குதிரை வாங்கப் போனோம், மார்கனோடு திரும்பினோம்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிவந்த பிறகு மகளுக்கு ஒரு குதிரை வாங்குவது என்று முடிவானது. குவார்ட்டர் ஹார்ஸ், ஆப்பலூசா, மார்கன் என்று மூன்று இனங்களைப் பார்த்தோம். வாங்கியது பத்து வயது மார்கன் பெட்டை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குவார்ட்டர் ஹார்ஸ் பலருக்கும் தெரிந்ததுதான். குடியேற்றக் கால வர்ஜீனியாவில் கால் மைல் பந்தயத்தில் பெயர் வாங்கி, பிறகு டெக்சாஸ் பண்ணைகளில் மாடு மடக்கிய இனம். நிதானமான குணம், விற்பதும் சுலபம். மரபணுச் சோதனைச் சீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிகுதிரையின் வழியில், தசை நடுங்கிக் குதிரை விழுந்துவிடும் ஒரு நோய் பரவியிருக்கிறது.

மகளுக்கு ஆப்பலூசா மீதுதான் ஆசை. நெஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் வளர்த்த புள்ளிக் குதிரை அது. 1877இல் அமெரிக்க ராணுவத்தோடு நடந்த போரில் அவர்கள் தோற்றதும் மந்தைகள் சிதறின. 1938இல் சங்கம் அமைத்துத்தான் இனத்தை மீட்டெடுத்தார்கள். ஆனால் புள்ளிகளைத் தரும் மரபணு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்துவிட்டால் குதிரைக்கு இருட்டில் கண் தெரியாது. இங்கே டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மகள் பள்ளி விட்டு வந்து ஏறுவதே அந்த நேரத்தில்தான். மனசில்லாமல் விட்டோம்.

மார்கன் முழுவதும் ஒரே குதிரையின் வம்சம். 1789இல் மாசசூசெட்ஸில் பிறந்த ஃபிகர். அதை வெர்மான்ட்டுக்குக் கொண்டுவந்த ஜஸ்டின் மார்கனின் பெயரே இனத்துக்கும் நிலைத்துவிட்டது. தோளுயரம் நாலே முக்கால் அடியிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்த உடம்போடு ஃபிகர் மரமும் இழுத்தது, பந்தயமும் ஓடியது.

எங்களை முடிவெடுக்க வைத்தது தீனி. 450 கிலோ குதிரைக்குப் பொதுவாக நாளுக்கு 9 கிலோ காய்ந்த புல் என்பார்கள். எங்கள் பெட்டைக்கு 7 கிலோ தாண்டுவதில்லை. ஓட்ஸைக் கண்ணில் காட்டுவதே இல்லை. குளிர்காலம் ஆறு மாதம் நீளும் ஊரில், புல் கட்டு கட்டாக விலைக்கு வாங்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம், இதே குணம்தான் இதன் ஆபத்தும். கொஞ்சம் தின்றாலே உடம்பு வைக்கும் குதிரையை மே மாதத்து இளம்புல்லில் அவிழ்த்துவிட்டால் குளம்புக்குள் அழற்சி கண்டு நொண்டிவிடும். அதனால் புல்லைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்துத்தான் போடுகிறோம். எனக்கு இரண்டு குளிர்கால அனுபவம்தான். மாடு மடக்கும் வேலைக்கு மார்கன் எப்படி என்றால் நான் சொல்வது வெறும் கேள்வி ஞானமாகிவிடும். அந்தக் குளம்பு ஆபத்து நெருங்குகிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்க்க மட்டும் நன்றாகப் பழகிவிட்டது. பிடரிக்குக் கீழே உள்ள சதை விரலுக்கு அசைந்து கொடுத்தால் சரி, மேயட்டும். கல்லாக இறுகியிருந்தால் அதிகம் மேயாதபடி அன்றைக்கே வாய்க்கூடை.