டெம்ப்ளேட்டை நெக்ஸ்ட்.ஜேஎஸ்-க்கு மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோயில் நகை செய்து வருகிறது. வெள்ளியில் அடித்தளம் அமைத்து, கெம்புக் கல் பதித்து, பொன்தகடு ஒட்டிச் செய்யும் நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ராக்கொடி, ஒட்டியாணம் ஆகியவற்றைப் பெரும்பாலும் பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியைகளும் வாங்குகிறார்கள். எங்கள் பழைய இணையதளத்தில் 62 நகைகளுக்கும் தனித்தனி எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கங்கள் இருந்தன. வெள்ளி விலை ஏறினாலும் இறங்கினாலும் அத்தனை பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து விலையைத் திருத்த வேண்டியிருந்தது. விலையை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாற வேண்டும் என்பதுதான் புதிய தளத்திடம் நான் எதிர்பார்த்த முதன்மையான பயன்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் நாகர்கோவிலில் இணையதளம் செய்துதரும் ஒருவர் அறிமுகமானார். "அண்ணாச்சி, டெம்ப்ளேட் ரெடியா இருக்கு, அதை நெக்ஸ்ட்.ஜேஎஸ்-ல மாத்தித் தாரேன், மூணு வாரம் போதும்" என்றார். டெம்ப்ளேட் என்பது ஆயத்தமாகக் கிடைக்கும் தள வடிவமைப்பு; நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்பது இணையதளங்களைக் கட்ட உதவும் ஒரு நிரல் சட்டகம். 55,000 ரூபாய் பேசி, 40,000 ரூபாயை முன்பணமாக வங்கி மூலம் செலுத்தினேன். மூன்று வாரம் மூன்றரை மாதமாயிற்று. நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கையில் தளம் வெளியானது. பார்வைக்கு அழகாகவே இருந்ததால் மீதி 15,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

முதல் குறை அன்று மாலையே தெரிந்தது. கைப்பேசியில் மெனுவைத் தொட்டால் திறக்கவில்லை. கணினியில் பார்த்தால், முகப்பில் நகரும் படங்கள் முதல்முறை நகர்ந்தன. மேல் மெனு வழியாக வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பினால் உறைந்து நின்றன. கேட்டதற்கு, என் கைப்பேசி பழையது என்றார். அதை நான் இரண்டு நாள் நம்பினேன்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் காட்டியபோது, அவன் முதலில் கேட்டது மூலநிரல் எங்கே என்பதுதான். எங்களுக்குத் தரப்பட்டிருந்தது பில்டு செய்து முடித்த, அதாவது மூலநிரலிலிருந்து இயங்குவதற்காக உருவாக்கப்பட்ட, கோப்புகள் மட்டுமே; அவற்றைத் திருத்தி எழுத எவராலும் எளிதில் முடியாது. பலமுறை வற்புறுத்திய பிறகு மூலநிரல் ஜிப் கோப்பாக வந்தது. அதைத் திறந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இதுல மாத்தினதுன்னு ஒண்ணுமே இல்ல" என்றான்.

அவன் எனக்கு விளக்கியதை, இத்துறை தெரியாத மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஆயத்த டெம்ப்ளேட்டுகளில் பல, பக்கத்தின் தோற்றத்தையும் மெனு போன்றவற்றையும் ஆயத்தமாகத் தரும் பூட்ஸ்டிராப்பையும், பக்கத்தை இயங்க வைக்கும் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பையும் நம்பி எழுதப்பட்டவை. அவற்றை ரியாக்ட் (திரையைத் துண்டு துண்டாக எழுத உதவும் நிரல் தொகுப்பு) அடிப்படையிலான நெக்ஸ்ட்.ஜேஎஸ்-க்குக் கொண்டுவருவதென்றால், பக்கத்தைத் தலைப்பு, நகை அட்டை, படவரிசை, அடிக்குறிப்பு என்று கம்போனென்ட்டுகள் எனப்படும் தனித் துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். எச்டிஎம்எல்லில் 'கிளாஸ்' என்றிருப்பதைக் 'கிளாஸ்நேம்' என்று மாற்றுவது முதலான சிறு திருத்தங்களைச் செய்ய வேண்டும். ஜேக்வெரி செய்துவந்த வேலைகளை ரியாக்ட் முறையில் மறுபடி எழுத வேண்டும். உழைப்பெல்லாம் அந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது. எங்கள் தளத்தில் மேல் மெனு ஒன்றைத் தவிர வேறெதுவும் அவ்வாறு எழுதப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் மொத்தமாக ஒரே நீண்ட எழுத்துச் சரமாக ஒட்டி, 'டேஞ்சரஸ்லிசெட்இன்னர்எச்டிஎம்எல்' என்ற வழியில் உள்ளே திணித்திருந்தார். ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பெயரிலேயே வைத்து ரியாக்ட் தந்திருக்கும் வழி அது. முழுத்தளத்தையும் அதில் கட்டுவது வேலையைச் செய்யாமல் செய்ததாகக் காட்டுவதேயாகும்.

படங்கள் உறைந்ததற்கும் அதுவே காரணம். சேவையகத்திலிருந்து பக்கம் முதல்முறை வரும்போது அந்தச் சரத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் இயங்கிவிடுகிறது, நெக்ஸ்ட்.ஜேஎஸ் தன் மெனு வழியாகப் பக்கத்தை முழுதும் ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும்போது இயங்குவதில்லை. மெனு திறக்காததற்குக் காரணம் இன்னும் எளியது. டெம்ப்ளேட் பூட்ஸ்டிராப் 4-க்கு எழுதப்பட்டது. அவர் அதன்மேல் பூட்ஸ்டிராப் 5-ஐ ஏற்றியிருந்தார். 2021-இல் வந்த அந்தப் பதிப்பில், மெனுவைத் திறக்கச் சொல்லும் 'டேட்டா-டாகிள்' என்ற குறிப்பு 'டேட்டா-பிஎஸ்-டாகிள்' என்று மாறிவிட்டது. மெனுப் பொத்தானின் குறிப்புகளில் அந்த 'பிஎஸ்'-ஐச் சேர்த்திருந்தால் போதும். என் கைப்பேசியைக் குறைசொல்லத் தேவை இருந்திருக்காது. படவரிசைக்கு அவர் பிறகு செய்த பரிகாரம், மெனுவையும் சாதாரண இணைப்புகளாக மாற்றி ஒவ்வொரு முறையும் பக்கத்தை முழுதாக ஏற்றியது. அதற்கு என் பழைய தளமே போதுமானதாக இருந்தது.

என்னை மிகவும் புண்படுத்தியது விலை விஷயம். 62 நகைகளுக்கு மறுபடியும் 62 தனிக் கோப்புகள்தான் இருந்தன. விலை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துக்கு 300 ரூபாய் என்றார். எதற்காக இந்த வேலையைக் கொடுத்தேனோ, அது நடக்கவே இல்லை என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன்.

பழைய முகவரிகளெல்லாம் '.எச்டிஎம்எல்' என்று முடிபவை; புதியவை அப்படியல்ல. பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாடு ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் நடன ஆசிரியைகள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிவைத்திருந்த இணைப்புகள் எல்லாம், எங்கள் ஆண்டின் முக்கியமான இரண்டு வாரங்களில், 'பக்கம் இல்லை' என்று காட்டின. கடையை மூடிவிட்டீர்களா என்று ஓர் ஆசிரியை தொலைபேசியில் கேட்டார்.

டெம்ப்ளேட்டுக்கென்று தனியாக 2,500 ரூபாய் வாங்கியிருந்தார். தீம்ஃபாரஸ்ட் போன்ற சந்தையில் வாங்கினால் உரிமச் சான்றும் வாங்கியதற்கான குறியீடும் கிடைக்கும். அங்குள்ள வழக்கமான உரிமம் ஒரே ஒரு தளத்துக்குத்தான் செல்லும். என் பெயரிலோ அவர் பெயரிலோ அப்படியொரு சான்றை அவரால் காட்ட முடியவில்லை. எனவே டெம்ப்ளேட்டை நீங்களே உங்கள் கணக்கில் வாங்குங்கள். நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். வேலை நடக்க நடக்க நிரல் அங்கே வந்து சேரட்டும். முழுத்தொகை பேசுவதற்கு முன், ஒரே ஒரு பொருள் பக்கத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு பக்கத்தில் என் 55,000 ரூபாய் தப்பியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வேலையை ஒப்படைத்துவிட்டதாகச் சொல்கிறார். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கிவைக்கிறது. ஆயினும் சுயதொழிலால் பிழைப்பவன் என்ற முறையில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட முடியுமா என்று வழக்கறிஞரோடு பேசிவருகிறேன். 40,000-க்கு வங்கிப் பதிவு இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 15,000-க்கும் டெம்ப்ளேட்டுக்கான 2,500-க்கும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

பழைய தளத்தை மீண்டும் ஏற்றியிருக்கிறோம். அக்கா மகன் விடுமுறை நாள்களில் வந்து புதிதாக எழுதுகிறான். இதுவரை ஜிமிக்கிப் பக்கம் முடிந்திருக்கிறது. வெள்ளி விலையை ஓரிடத்தில் மாற்றினால் அதன் எடைக்கேற்ப விலை மாறுகிறது.